தண்ணீரில் ஓடும் பஸ்

வெனிஸ் நகரிலே பஸ் ஓடுவது தண்ணீரில். 'வப்பொரெத்தோ' என்பது அதன் பெயர். 1881இல் பெருங்கால்வாயில் நீராவிப் படகு ஓடத் தொடங்கியபோது கொண்டோலாக்காரர் வேலைநிறுத்தஞ் செய்தனர். இன்று நீராவி போய்விட்டது; பெயர் மாத்திரம் எஞ்சியிருக்கிறது.

2024இல் ஒருமுறைச் சீட்டு 75 நிமிடங்களுக்கு 9.50 யூரோ, நாட்சீட்டோ 25 யூரோ. மூன்றாஞ் சீட்டு வாங்க நேருமாயின் நாட்சீட்டே இலாபம். அந்த நாளும் நள்ளிரவோடு முடிவதன்று. துறையிலுள்ள கருவியிற் சீட்டைத் தொட்ட கணத்திலிருந்து 24 மணித்தியாலம். ஆதலால் நான் பிற்பகலிலே தொடங்கினேன். மறுநாட் காலை முரானோ, புரானோ தீவுகளுக்குச் செல்லவும் அதே சீட்டுப் போதியதாயிற்று. விமான நிலையப் படகுக்கு மாத்திரம் அது செல்லாது.

முதலாம் இலக்கப் படகு அவசரமறியாதது. இக்கரையும் அக்கரையுமாகத் தங்கித் தங்கிச் செல்லும். அரண்மனைகளைக் கண்ணாரக் காண அதுவே உகந்தது. ஆயினும் ரியால்தோத் துறையிற் கண்ட காட்சி மனதை உறுத்திற்று. காய்கறிப் பையுடன் ஒரு மூதாட்டி நின்றார். எங்கள் பிரயாணப் பெட்டிகளால் நிறைந்த படகில் அவருக்கு இடமில்லை. ஊரவருக்குக் கட்டணங் குறைவுதான். ஏறவே முடியாதவருக்கு அதனாற் பயன் யாது? பழைய நகரின் குடிசனத்தொகை 2022இல் 50,000க்குங் கீழே இறங்கிவிட்டது. அவர் யாரையுங் கடிந்துகொள்ளவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த படகுக்குக் காத்து நின்றார்.