வேளாஸ் கடற்கரையின் ஆமைப் பொரிப்பகம்: முட்டைகள் ஏன் இடம் மாற்றப்படுகின்றன?

மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள வேளாஸ், பேஷ்வா ஆட்சிக்கால அமைச்சர் நானா பட்னவீஸின் பூர்வீக ஊர். எனினும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் காண விரும்புவது, ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் அரபிக் கடலை நோக்கி ஊர்ந்து செல்வதைத்தான்.

2002-ஆம் ஆண்டு கடற்கழுகுகளைக் கணக்கெடுக்கச் சென்ற சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற தன்னார்வ அமைப்பினர், இக்கடற்கரையில் ஆமை முட்டை ஓடுகளைக் கண்டனர். கடலாமைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. ஆயினும் முட்டைகள் தோண்டப்பட்டு வந்தன. சட்டத்தால் மட்டும் இயலாததை ஊர்மக்களின் பங்கேற்பு சாத்தியமாக்கியது. 2006-இல் தொடங்கிய ஆமைத் திருவிழாவின்போது பயணிகள் கிராம வீடுகளிலேயே தங்கி உண்கின்றனர். அந்த வருவாய் ஊருக்கே சேர்கிறது.

ஓர் ஆமை ஒருமுறையில் ஏறத்தாழ 100 முட்டைகள் இடும். நாய், நரி, மனிதர், உயரும் அலை என ஆபத்து பல இருப்பதால், முட்டைகள் வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் மீண்டும் புதைக்கப்படுகின்றன. இதைச் சில மணி நேரத்திற்குள் செய்து முடிக்க வேண்டும். கரு வளரத் தொடங்கியதும் ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். ஆகவே, பாதுகாப்பான கரையில் முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுவிடுவதே சிறந்தது. பொரிப்பகம் இரண்டாவது வழிதான்.

மணலின் வெப்பமும் முக்கியம். வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். அளவு கடந்தால் கருவே அழியும். நெருக்கமாகப் புதைக்கப்பட்ட குழிகள் ஒன்றையொன்று சூடேற்றும் என்பதால் இடைவெளி விடுவது அவசியம்.

45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இயற்கையில் இது பெரும்பாலும் மணல் குளிர்ந்த இரவில் நிகழும். உடலில் எஞ்சியிருக்கும் மஞ்சள்கருவின் ஆற்றலைக் கொண்டே அவை ஆழ்கடலை அடைய வேண்டும். பார்வையாளருக்காக நெடுநேரம் காத்திருக்க வைத்தால் அந்த ஆற்றல் கரையிலேயே வீணாகிவிடும். கரைச் சுற்றுலா எங்கும் எதிர்கொள்ளும் உண்மையான சிக்கல் இதுவே.

வேளாஸில் காலையும் மாலையும் குழிகளை மூடியுள்ள கூடைகள் திறந்து பார்க்கப்படுகின்றன. வெளிவந்த குஞ்சுகள் அலைக்குச் சற்று முன்பாக மணலில் விடப்பட்டு, தாமாகவே நடந்து கடலை அடைகின்றன. பார்வையாளர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். குஞ்சுகளைத் தொடக் கூடாது. அவை ஒளியை நோக்கியே திரும்பும் என்பதால் கைப்பேசி விளக்கோ கேமரா ஃபிளாஷோ அவற்றைத் திசைமாற்றிவிடும்.

சில நாட்களில் கூடைக்கு அடியில் வெறும் மணலே இருக்கும். நெடுந்தொலைவிலிருந்து வருவோர் ஓரிரு நாட்கள் கூடுதலாகத் தங்கத் திட்டமிடுவது நல்லது.