வேர் முடிச்சு நுண்ணுயிரில் குடிபுகும் மரபணுத் தீவு

பயறு விதையுடன் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து விதைக்கும் விவசாயிகள் பலர், "ஒருமுறை இட்ட நுண்ணுயிர் நிலத்திலேயே இருக்குமே, மறுபடியும் எதற்கு?" என்று கேட்பதுண்டு. இதற்கான விடையில் ஒரு பகுதி நுண்ணுயிரின் மரபணுக்களில் உள்ளது.

நியூசிலாந்தில் கண்டது

நியூசிலாந்தில் ஒரு நிலத்தில் லோட்டஸ் என்னும் தீவனப் பயிர், ஒரே ஒரு வகை வேர் முடிச்சு நுண்ணுயிர் கலந்து விதைக்கப்பட்டது. 7 ஆண்டுகள் கழித்து முடிச்சுகளை ஆராய்ந்தபோது, இடாத பல வகை நுண்ணுயிர்கள் அவற்றில் காணப்பட்டன. அவை அம்மண்ணிலேயே வாழ்ந்தவை; முடிச்சு உண்டாக்கத் தெரியாதவை. இட்ட நுண்ணுயிரிலிருந்து சுமார் 5 இலட்சம் எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுத் தொகுதி அவற்றுக்கு மாறியிருந்தது. முடிச்சு உண்டாக்கவும் தழைச்சத்தை நிலைநிறுத்தவும் வேண்டிய மரபணுக்கள் இதில் அடங்கும். இதை 'கூட்டுவாழ்வுத் தீவு' என்பர்.

இடத் தேர்வு எப்படி?

இடம் மாறும் மரபணுக் கூறுகளில் சில, ஏறக்குறைய எந்த இடத்திலும் புகும். புகுந்த இடத்தில் இன்றியமையாத மரபணு இருந்தால் அது அறுபடும், நுண்ணுயிர் மடியும், வந்த கூறும் உடன் அழியும். இத்தீவு அப்படியன்று. பினைல் அலனைனைச் சுமக்கும் கடத்தி ஆர்.என்.ஏ. மரபணுவின் கடைசி 17 எழுத்துகளையே அது நாடுகிறது. தீவும் அதே 17 எழுத்துகளைத் தன்னிடம் வைத்துள்ளது. இன்டக்ரேஸ் என்னும் நொதி இரண்டையும் இணைத்து, வெட்டி, ஒட்டுகிறது. மரபணுவின் பழைய வால் அப்பால் தள்ளப்பட்டாலும், தீவு கொண்டு வந்த 17 எழுத்துகள் அவ்விடத்தை நிரப்புகின்றன. வரப்பை வெட்டி மடை வைத்து, வரப்பை முன்போலவே கட்டிவிடுவது போன்றது இது.

கடத்தி ஆர்.என்.ஏ. இன்றிப் புரதம் உருவாகாது. ஆகவே இம்மரபணு எல்லா நுண்ணுயிர்களிலும் உண்டு. உறவு இனங்களில் அதன் எழுத்துகள் அதிகம் மாறுவதில்லை. எங்கு சென்றாலும் தீவுக்கு அதே முகவரி கிடைக்கிறது.

இதனால் நமக்கு என்ன?

மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்னும் தீவனப் பயிரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 6 ஆண்டுகளுக்குள், மரபணுக்களைப் புதிதாகப் பெற்ற நுண்ணுயிர்கள் முடிச்சுகளில் தோன்றின. அவற்றில் சில தழைச்சத்தைக் குறைவாகவே நிலைநிறுத்தின. சில நிலைநிறுத்தவே இல்லை. முடிச்சு இருந்தால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

எனவே ஒவ்வொரு பருவத்திலும் அந்தந்தப் பயிருக்குரிய, காலாவதியாகாத ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதை மீது சீராகப் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதையுங்கள். விதையைச் சுற்றி நல்ல நுண்ணுயிர் மிகுந்திருந்தால் முதல் முடிச்சுகளை அதுவே பிடிக்க வாய்ப்பு அதிகம். பூக்கும் தருணத்தில் சில செடிகளை வேரோடு தோண்டி எடுத்து, முடிச்சுகளை நறுக்கிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் அவை வேலை செய்கின்றன. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை.