தெரிந்தவன் செய்தவனா?

2007 ஜனவரி. ஜோகூர் ஆறு கோத்தா திங்கி பட்டணத்தை இரண்டாவது முறையாக மூழ்கடித்த மாதம். டிசம்பர் வெள்ளத்தில் ஊறிய மெத்தையைத் தூக்கிப் போட்டு, சுவரைக் கழுவி முடிப்பதற்குள் மறுபடியும் தண்ணீர். அக்கம்பக்கத்தார் எல்லாரும் நிவாரண மையத்துக்குக் கிளம்ப, அப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"என் கணக்கு முடியுற நாள் ஆண்டவனுக்குத் தெரியும். அது இன்னைக்குன்னா மையத்துல இருந்தாலும் போவேன். இல்லேன்னா இங்கேயே இருந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

மாமா வந்து, தூக்காத குறையாகப் படகில் ஏற்றினார். அன்றிரவு மையத்தில் சுடச்சுட மெகி மீ சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "மச்சான் வந்து இழுப்பான்னும் அவனுக்கு முன்னமே தெரியும்."

இப்படிப் பேசுகிறவரிடம் யாரும் ஜெயிக்க முடியாது. எது நடந்தாலும் அவர் சொன்னதே சரியாகிவிடும். ஆனால் அந்தப் பேச்சில் ஏதோ ஓரிடத்தில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கம்போங் மக்காம் தெரியும். 1699இல் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்ட சுல்தான் மாமூட் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கொன்றவர் பிந்தான் தீவைச் சேர்ந்த தளபதி. அவர் வம்சத்தார் ஏழு தலைமுறைக்கு இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சுல்தான் சாகும்போது சபித்தாராம். கதைதான். ஆனால் சாபம் என்றால் என்ன என்பதை அது காட்டுகிறது. சொன்ன சொல்லே காரியத்தை நடத்திவைக்கும் என்பதுதான் சாபம்.

ஆற்றில் நட்டுவைத்திருக்கும் நீர்மட்ட அளவுகோல் அப்படியில்லை. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது காட்டும். வெள்ளத்தைக் கொண்டுவருவது அது இல்லை. அப்பா ஆண்டவனின் அறிவைச் சாபம் மாதிரி எடுத்துக்கொண்டார் என்பது என் எண்ணம். அவனுக்குத் தெரியும் என்பதையும், அவனே நடத்திவைக்கிறான் என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்.

இதோடு விஷயம் முடிந்துவிட்டால் நல்லதுதான். முடியவில்லை. வெள்ளக் கணிப்பு பொய்க்கலாம். கடவுளின் அறிவு பொய்க்காது. நான் நாளைக்கு என்ன செய்வேன் என்பது அவனுக்கு இன்றே தெரியும் என்றால், வேறு விதமாகச் செய்ய எனக்கு வழி ஏது?

வழியே இல்லை என்று துணிந்து சொன்னவர்கள் ஆசீவகர்கள். புத்தர் காலத்து மக்கலி கோசாலரின் உவமை இது: எறிந்த நூலுருண்டை தன் நூல் தீரும்வரை உருண்டு அவிழும், உயிரும் அப்படியே, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை. மணிமேகலையில் ஆசீவகரும் வந்து தம் கொள்கையைச் சொல்கிறார். சிவஞான சித்தியாரின் பரபக்கம் அவர்களை மறுக்கிறது. சண்டை நம் வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. அப்பாவுக்குத்தான் அது தெரியாது. திருநீறு பூசிய ஆசீவகர் அவர்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். ஊட்டுபவன் இறைவன்தான், மறுப்பில்லை. ஆனால் உயிருக்கும் இச்சை, ஞானம், கிரியை உண்டு. வெள்ளம் வந்தது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஆகாமியம். அது அப்பாவின் கணக்கில் புதிதாக ஏறிய வரவு.

அந்த வரவும் அவனுக்கு முன்பே தெரியுமே என்று அப்பா கேட்டிருப்பார். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் பவியாவில் மரண தண்டனைக்காகச் சிறையில் காத்திருந்த போயித்தியஸ் இதற்கு ஒரு பதில் எழுதினார். கடவுளுக்கு 'முன்பு' என்பதே கிடையாது, எல்லாமே அவருக்கு 'இப்போது' என்றார். நம்மூர் குனோங் முந்தாஹாக் உச்சியில் ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மரங்கள் மறைக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் மேல்வளைவில் வரும் படகும் கீழ்வளைவில் போகும் படகும் அவருக்கு ஒரே பார்வையில் தெரியும். அவர் பார்ப்பதால் படகோட்டியின் கை கட்டப்படுவதில்லை. படகோட்டி எந்தப் பக்கம் துடுப்புப் போடுகிறானோ, அதைத்தான் அவர் பார்க்கிறார்.

எனக்கு இந்தப் பதில் முக்கால்வாசி போதுகிறது. மீதிக் கால்வாசிக்குக் காரணம் அப்பா.

வெள்ளத்துக்குச் சில வருஷங்கள் கழித்து, இனிப்புநீரால் அவர் காலில் புண் வந்தது. டாக்டரைப் பார்க்கத் தேதி குறித்த அட்டையை அம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். "அவன் முடிவு பண்ணதை டாக்டரா மாத்தப் போறாரு?" என்று ஒரு தேதி போயிற்று, அடுத்த தேதியும் போயிற்று. இழுத்துக்கொண்டு போக அப்போது மாமாவும் இல்லை.

மூன்றாவது தேதியன்று அம்மா அவர் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருந்தார். நான் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, இஞ்சினை அணைக்காமல், முக்கால் மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.