இரும்பில்லாத கீல்

சின்ன வீட்டில் பெரிய மேசை போட முடியாது. இதற்கு இங்கிலாந்துத் தச்சர்கள் கண்ட வழிதான் மடக்கு மேசை. நடுப்பலகை நிலையாக இருக்கும். இருபுறமும் தொங்கும் பலகைகளை வேண்டும்போது தூக்கி விரித்துக்கொள்ளலாம்.

விரித்த பலகையைத் தாங்க ஒன்று வேண்டுமே? 17-ஆம் நூற்றாண்டு மேசைகளில் அந்த வேலையைச் சுழலும் கால் செய்தது. நம் பழைய வீட்டுக் கதவின் குடுமி நிலைக்குழியில் சுழல்வதுபோல, அந்தக் காலின் முனைகள் மேலும் கீழும் மரத்துளைகளில் சுழன்றன. 18-ஆம் நூற்றாண்டில் பரவிய பெம்புரோக் மேசையில் காலுக்குப் பதிலாகச் சட்டத்திலிருந்து ஒரு மரக்கை வெளியே திரும்பிப் பலகையைத் தாங்கியது. அந்தக் கையைத் திருப்புவது மரத்திலேயே செதுக்கிய கீல்.

அதைச் செய்யும் முறை இது. சட்டத்தின் கனம் எவ்வளவோ அதே விட்டத்தில், அதன் முனையை ஒட்டிக் கவராயத்தால் வட்டம் போட வேண்டும். இழைப்புளியால் முனையை அந்த வட்டத்துக்கு உருட்ட வேண்டும்; கையின் முனையையும் அப்படியே. பிறகு அகலத்தை 5 பங்காகப் பிரித்து, ஒரு துண்டில் 3 கணு, மறு துண்டில் 2 கணு நிற்கும்படி இடையிலுள்ளதை ரம்பத்தால் அறுத்து உளியால் எடுக்க வேண்டும். எதிர்க்கணு இடிக்காமல் திரும்ப, பள்ளத்தின் அடி உட்குழிவாக இருப்பது அவசியம். இரண்டையும் கோத்து இறுக்கிப் பிடித்து, வட்டத்தின் மையத்தில் துளையிட்டு, வைரம் பாய்ந்த மரத்தில் இழைத்த முளையைச் செருகினால் கீல் தயார்.

இதில் உயிர்நாடி அந்த மையம்தான். துளை அரை நூல் விலகினாலும் கணு ஒரு பக்கம் இறுகும், மறு பக்கம் இளிக்கும்.

அடுத்தது நார். மரத்தின் நார் கணுவின் நீளவாக்கில் ஓடினால்தான் அது பாரம் தாங்கும். குறுக்கே ஓடினால் கணு பட்டென்று தெறித்துவிடும். தொங்குபலகையை நடுப்பலகையோடு இணைக்கவும் இதே கீலைச் செய்வதானால் ஒரு எச்சரிக்கை: அப்பலகையின் நார் பெரும்பாலும் மேசையின் நீளத்தில் ஓடுவதால், அதன் விளிம்பிலேயே கணு வெட்டக் கூடாது. கீலைத் தனித்துண்டில் செய்து பலகையின் அடியில் பொருத்த வேண்டும். அப்போது கீலின் நாரும் பலகையின் நாரும் ஒன்றுக்கொன்று குறுக்கே அமையும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆகவே முளைக்கு அருகிலுள்ள திருகை மட்டும் இறுக்கி, மற்றவற்றுக்குக் கீலில் நீள்துளை விட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், எவ்வளவு அழகாகச் செய்த மேசையானாலும் பலகை ஒருநாள் வெடிக்கும்.