இருமொழித் திறன் குறையன்று

பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் பல்கலைக் கழகங்களில் அயல்நாட்டு மாணவர் பலர் பயில்கின்றனர். வகுப்பில் அவர்கள் பேசத் தயங்கினால், 'ஆங்கிலம் போதவில்லை' என்று முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் மற்றொரு மொழியிலும் சிந்திக்க வல்லவர்கள் என்பது எண்ணப்படுவதில்லை.

கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ், இருமொழியாளரின் மொழிகளைக் கடலில் மிதக்கும் பனிப்பாறையின் இரு முகடுகளுக்கு ஒப்பிட்டார். மேலே அவை தனித்தனி; நீருக்கடியில் ஒன்றே. பொருளியலில் 'தேவை', 'வழங்கல்' என்பவற்றைத் தாய்மொழியில் உணர்ந்தவன் அவற்றை ஆங்கிலத்தில் மீண்டும் உணர வேண்டுவதில்லை. சொல்லைக் கற்றால் போதும்.

வேல்ஸ் நாட்டின் கென் வில்லியம்ஸ் 1994இல் தம் ஆய்வேட்டில் ஒரு முறையை விளக்கினார். ஒரு மொழியில் படித்ததை மறுமொழியில் எழுதுவதே அது. வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் வழங்கிய பள்ளிகளில் அம்முறை தோன்றியது. பொருளை உள்வாங்காதவன் அவ்வாறு எழுத இயலாது. பார்த்தெழுதும் பழக்கத்திற்கு அங்கே இடமில்லை.

பல்கலைக் கழகத்திலும் இது கூடும். விரிவுரையாளருக்குச் சீனமோ அரபியோ தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஒரு மொழியினர் முதலில் தம் மொழியில் கலந்து பேசி, முடிவை ஆங்கிலத்தில் உரைக்கலாம். துணையற்ற மாணவன் தன் மொழியில் குறிப்பெழுதிக்கொண்டு பேசலாம். தாய்மொழி நூல்களையும் கட்டுரைக்குச் சான்றாகக் கொள்ளலாம். தேர்வு ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். சிந்தனைக்கு ஏன் தடை?

மாணவனின் மௌனத்தை அறியாமையென்று கொள்ளுமுன், அவன் எம்மொழியில் சிந்திக்கிறான் என்று வினவுவது ஆசிரியர் கடன்.