உப்பிய அன்னாசி டின்: குற்றவாளி வெயில்தானா?

ஊர்ப் பெயரிலேயே அன்னாசியைச் சுமக்கும் பெக்கான் நானாஸில், அன்னாசி டின்னுக்கும் ஒரு மரியாதை உண்டு. அங்கே ஒரு மளிகைக் கடையில், இரு பக்கமும் உப்பியிருந்த டின் ஒன்றை எடுத்துக் காட்டினேன். "அது ஒன்னும் இல்ல தங்கச்சி, வேன்ல வெயில்ல கிடந்துச்சி. காத்து விரிஞ்சிருக்கும்" என்றார் கடைக்கார அண்ணன்.

அவர் சொன்னதில் பாதி சரி. மூடிய பாத்திரத்தில் இருக்கும் வாயு சூடானால் அழுத்தம் கூடும். ஆனால் எவ்வளவு? 30 பாகை 60 ஆனால் அழுத்தமும் இரட்டிப்பாகும் என்று தோன்றும். வாயுவுக்குக் கணக்கு பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை. மைனஸ் 273 பாகை செல்சியஸில் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் 303 என்பது 333 ஆகிறது, அவ்வளவுதான். ஏற்றம் சுமார் 10 விழுக்காடு.

அதோடு, பழமும் பாகும் சூடாக இருக்கும்போதே டின்னை மூடுகிறார்கள். மேலே இருக்கும் சிறு இடைவெளியிலிருந்து நீராவி காற்றைத் தள்ளிவிடும். ஆறியதும் அந்த ஆவி தண்ணீராகும், உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்றோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடையாக அழுத்துகிறது. அதனால்தான் நல்ல டின்னின் மூடி தட்டையாகவோ சற்றுக் குழிந்தோ இருக்கும். திறக்கும்போது கேட்கும் 'உஸ்', காற்று உள்ளே போகும் சத்தம். வெயிலில் உள்ளே ஈரம் ஆவியாகி அழுத்தம் கொஞ்சம் கூடும்தான். சரியாக மூடிய டின்னை உப்ப வைக்க அதுவும் பொதுவாகப் போதாது. வெயில்தான் காரணம் என்றால், கடை நிழலில் ஆறியதும் அமுங்கியிருக்க வேண்டுமே!

ஆக, கூடியது சூடு இல்லை, வாயுவேதான். இடமும் வெப்பமும் மாறாதபோது மூலக்கூறுகள் பெருகினால் அழுத்தம் ஏறும். 1811இல் அவகாட்ரோ முன்வைத்த கருத்திலிருந்து வருவது இது. நுண்ணுயிர்கள் பெருகிக் கரியமில வாயு விட்டிருக்கலாம். அல்லது அன்னாசியின் அமிலம் உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் உண்டாகியிருக்கலாம். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கொஞ்சம் ருசி பார்த்து முடிவு செய்வோம் என்ற வேலையே வேண்டாம், திறக்காமலே கழித்துவிடுங்கள்.

கார் டயரில் நடப்பது இதற்கு நேர் எதிர். நெடுந்தூரம் ஓட்டி வந்து, காற்று கூடிவிட்டது என்று எண்ணெய் நிலையத்தில் இறக்கி விடுகிறார்கள் பாருங்கள், அங்கே கூடியது காற்று இல்லை, சூடு. இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும். கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு ஆறிய டயருக்கானது.