ஆரணி புழுங்கல் அரிசி சரி... நெல் ஊறின தண்ணீர் எங்கே போகுது?

திருவண்ணாமலைக்கு கிரிவலம் போகிறவர்கள் ஹோட்டலில் சாப்பிடும் இட்லிக்குப் பின்னால் இருப்பது புழுங்கல் அரிசி. அதே மாவட்டத்தின் ஆரணியும் களம்பூரும் அரிசிக்குப் பேர் போன ஊர்கள். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைத்தால்தான் புழுங்கல். ஒரு டன் நெல்லை ஊறவைக்க ஏறக்குறைய 1,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். நெல் குடித்தது போக மிச்சம்?

நெல் ஊறின தண்ணிதானே, என்ன ஆகிடும்?

அதில் மாவுச்சத்து, சர்க்கரை, உமியிலிருந்து இறங்கிய ஃபீனால் எல்லாம் இருக்கும். பாக்டீரியாவுக்கு அது விருந்து. தின்று தீர்க்க லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் ஆக்சிஜன்கூட தேவைப்படும். இந்த அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம்தான். அதாவது, ஒரு லிட்டர் ஊறல் தண்ணீர் 100 லிட்டருக்கும் அதிகமான ஏரி நீரின் ஆக்சிஜனைக் காலி செய்யும். மீன் செத்து மிதக்கும், நாற்றம் ஊரைத் தூக்கும்.

அதனால்தான் பொது விதிப்படி, ஆறு, ஏரியில் விட பி.ஓ.டி. 30-க்குள்ளும், வயலுக்குப் பாய்ச்ச 100-க்குள்ளும் இருக்கணும்.

எப்படி சுத்தம் செய்வது?

முதலில் உமி, தூசியை வடிகட்டி, தெளிய விடணும். புளிப்பைக் குறைக்க சுண்ணாம்பு. அடுத்து, காற்றே புகாத தொட்டி. அங்கே பாக்டீரியா அழுக்கைத் தின்று மீத்தேன் வாயுவாக்கும். சேலம் ஜவ்வரிசி ஆலைகள் கழிவுநீரிலிருந்து கேஸ் எடுப்பது இந்த முறையில்தான். பிறகு காற்றை ஊதி மிச்ச அழுக்கையும் கரைத்து, மறுபடி தெளிய வைக்கணும்.

அழுக்குத் தண்ணீரையே குறைக்க முடியாதா?

முடியும். ஆலிவ் எண்ணெய் ஆலைகளிலும் இதே ஃபீனால் தலைவலிதான். ஸ்பெயின் 1990-களில் தண்ணீர் அதிகம் கேட்காத இயந்திரத்துக்கு மாறியதால், கழிவுநீர் பெருமளவு குறைந்தது. பதிலுக்கு ஈரச் சக்கை கூடியது. நம்ம மில்களிலும் தண்ணீரை அளந்து விடலாம். பச்சைத் தண்ணீரில் இரண்டு, மூன்று நாள் ஊறவிடாமல், சுமார் 65-70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் புளித்து நாறுவதும் குறையும்.

நீங்க என்ன செய்யலாம்?

1974 நீர்ச் சட்டப்படி, கழிவுநீரை வெளியேற்றும் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை கட்டாயம். வாய்க்காலில் புளிச்ச வாடை தொடர்ந்து வந்தால், வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அடுத்த போக நெல்லும் அந்த ஏரித் தண்ணீரில்தானே விளையணும்!